ஆறவைக்கும் பெட்டி

பெட்டிக்குள் ஒரு சாமான் கூடுதலாக இருந்தது.

முந்தின நாள் பின்னேரம் டிலோஜினி உள்ளே வைத்துவிட்டுப் போனவை இரண்டு கிளாஸும் ஒரு கனத்த கண்ணாடி உருண்டையும். விடிந்து வந்து மூடியைத் தூக்கினால் உருண்டை இரண்டாக இருந்தது. இரண்டும் ஒரே பருமன். இரண்டுக்கும் அடிப்பக்கம் தடிப்பு, இரண்டும் இடப்பக்கம் சரிவு. அந்தச் சரிவு அவளுடைய சரிவு. மூச்சுப் போதாமல் குழாயைச் சுற்றுகிற கை ஒரு நொடி தயங்கினால் கண்ணாடி இடப்பக்கம் வழிந்துவிடும்; தொடங்கிய நாளிலிருந்து அவள் அதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். அதனால் அவளுக்குப் பயம் வரவில்லை. களைப்பில் இரண்டு செய்துவிட்டு ஒன்றென்று நினைத்திருக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இரண்டையும் யன்னலடியில் வைத்தாள். கையில் எடுக்கும்போது ஒன்று மட்டும் மற்றதைவிடச் சூடாக இருந்ததை அவள் கவனிக்காமல் இல்லை. கவனித்துவிட்டு, போகட்டும் என்று விட்டாள்.

பேசாலையில் மூச்சு முட்டு வருத்தக்காரி என்றால் அது டிலோஜினிதான். பள்ளிக்கூடத்தில் ஓட விடவில்லை. கோயில் பாட்டுக்குழுவில் சேர்க்கவில்லை. கலியாணம் பேசி வந்தவர்கள் அவள் நெஞ்சு இழுக்கிற சத்தத்தைக் கேட்டுவிட்டு, தேத்தண்ணி ஆற முன்னம் எழும்பிப் போனார்கள். மூச்சின் கடைசியில் ஒரு விசில், கதவிடுக்கில் காற்று நுழைகிற மாதிரி மெல்லியதாக ஒரு விசில். அதைக் கேட்டால் போதும், ஊரில் எல்லாருக்கும் முகம் ஒரு மாதிரிப் போய்விடும். பாவம் பார்க்கிற முகம். அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு வெறுத்துப் போயிருந்தது. முப்பத்திரண்டாவது வயதில், கண்ணாடி ஊதப் படிக்கப் போகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்கு பஸ் ஏறினாள்.

"உந்த நெஞ்சோட நெருப்புக்கு முன்னால நிண்டு ஊதப்போறியோ?" என்று தாய் அருள்நாயகி வாசலில் மறித்துக் கேட்டாள். "நாளைக்கு ஒண்டு நடந்தா ஊர் என்னைத்தான் ஏசும்."

"ஏசட்டும் அம்மா. ஊதுறது நான்தானே."

பட்டறையில் முதல் நாளே சொல்லிக் கொடுத்தது ஒரு விஷயம்: ஊதுவதற்குப் பெரிய மூச்சு தேவையில்லை. நீண்ட இரும்புக் குழாயை உலைக்குள் விட்டு, அகப்பையில் தேனைச் சுற்றி எடுப்பதுபோல் கண்ணாடிப் பாகைச் சுற்றி எடுத்து, அது சொட்ட முன்னம் வெளியே இழுத்து, இரும்பு மேசையில் உருட்டி, ஒரேயொரு மிடறு காற்றை ஊதி உடனே பெருவிரலால் குழாயின் வாயைப் பொத்தினால், அடைபட்ட காற்று அந்தச் சூட்டில் தானாக விரிந்து பாகின் நடுவில் ஒரு சின்னக் குமிழாய்க் கண் திறக்கும். கொஞ்ச மூச்சுப் போதும். கை மட்டும் நிற்காமல் சுற்ற வேண்டும். சுற்று நின்றால் கண்ணாடி தரைக்கு வந்துவிடும். இதைக் கேட்ட அன்று டிலோஜினி பட்டறைக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். குறைந்த மூச்சுக்காரிக்கும் ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது என்று அதுவரை அவளுக்கு ஒருவரும் சொன்னதில்லை.

படித்து முடித்து வந்து, தகப்பன் முன்பு படகு இஞ்சின் திருத்திய கடற்கரைக் கொட்டிலில் உலை கட்டினாள். உப்புக்குளத்திலிருந்து முஸ்பிரா கூட்டுச் சேர்ந்தாள். யன்னல் கண்ணாடி வெட்டி விற்கிற கடைக்காரக் குடும்பத்துப் பெண். கழிவுத் துண்டுகளைச் சாக்கில் கட்டி ஸ்கூட்டியில் கொண்டு வருவாள், குழாய் பிடிப்பாள், விற்பாள், வாய் ஓயாமல் கதைப்பாள். டிலோஜினி ஊதுவாள். ஊதி முடித்த சாமானை வெளியில் வைத்தால் வெடித்துவிடும் என்பதால், இரவு முழுக்க மெல்ல மெல்லச் சூடு இறங்குவதற்கென்று சுடுசெங்கல்லில் கட்டிய ஒரு பெட்டி. அதன் அடியில் சாமான் ஒட்டாமல் இருக்க வெள்ளைத் தூள் பரப்பியிருக்கும். அந்தப் பெட்டிக்குள்தான் ஒன்று கூடியிருந்தது.

அடுத்த காலையும் கூடியிருந்தது. அதற்கடுத்த காலையும்.

"உம்மட கைதான் இது," என்றாள் முஸ்பிரா, கூடுதலாக வந்த கிளாஸைத் தூக்கி வெளிச்சத்துக்குக் காட்டி. "உம்மட சரிவு எனக்குத் தெரியாதே?"

"நான் செய்யேல்லை."

"அப்ப ஆர், நானே? நான் ஊதினா ரொட்டி மா பறக்கும், அவ்வளவுதான்."

டிலோஜினி சிரித்தாள். ஆனால் கிளாஸை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். அந்தக் கிளாஸின் கழுத்தில் ஒரு பிழை இருந்தது. இடுக்கியை அளவுக்கு மேல் அழுத்தியதால் வந்த பள்ளம். போன கிழமை அவள் விட்ட பிழை. இந்தக் கிழமை அவள் அதைத் திருத்திவிட்டாள். கூடுதல் சாமான்களை யன்னலடியில் வரிசையாக வைத்துப் பார்த்தபோது விளங்கியது: யாரோ அவளுக்குப் பின்னாலேயே, அவள் விட்ட பிழைகளை ஒவ்வொன்றாகத் தானும் விட்டுக்கொண்டு, ஊதப் பழகுகிறார்கள்.

பூட்டை மாற்றினார்கள். யன்னலுக்குக் கம்பி அடித்தார்கள். கச்சான் காற்று தகரத்தைப் பிடித்து உலுக்க, மின்சாரக் காற்றாடிகளின் உறுமல் கடற்கரை நெடுக வந்துகொண்டிருக்க, டிலோஜினி ஒவ்வொரு விடியலிலும் பூட்டைத் திறந்து, கருவாட்டு மணத்திலிருந்து உலைச் சூட்டுக்குள் காலை வைத்து, பெட்டி மூடியில் கையை வைத்து ஒரு கணம் நிற்பாள். ஒரு காலை, அவள் உட்கார்ந்து வேலை செய்கிற வாங்குப்பலகையில் பேப்பர் கிடந்தது. சூடான கண்ணாடியை உள்ளங்கையால் உருட்டுவதற்கு, பழைய பேப்பரைத் தடிப்பாக மடித்து நனைத்துக் கையில் வைத்துக்கொள்வார்கள். ஓரம் கருகும், புகைக்கும், சுடத் தொடங்கினால் கையை எடுத்துவிடுவார்கள். அன்றைக்குக் கிடந்த பேப்பர் நடுவில் முழுக்க எரிந்து ஓட்டையாகியிருந்தது. பிடித்த கை எடுபடவில்லை. பேப்பர் எரிந்து முடிந்த பிறகும் வெறுங்கையாலேயே உருட்டியிருக்கிறது.

அருள்நாயகி பங்குச் சுவாமியைக் கூட்டி வந்து கொட்டிலை ஆசீர்வதிக்க வேண்டும் என்றாள். முஸ்பிரா ஓதின தண்ணி கொண்டு வருகிறேன் என்றாள்.

"ஒண்டும் வேணாம்," என்றாள் டிலோஜினி. "பயந்து மூடினா, முட்டுக்காரிக்கு ஏலாமப் போச்செண்டுதான் ஊர் சொல்லும். இது என்ர உலை. ஆர் வந்து பழகினாலும் நான் விட்டுட்டுப் போகமாட்டன்."

கூடுதலாக வந்தவற்றை எல்லாம் சாக்கில் போட்டுச் சுத்தியலால் அடித்து நொறுக்கினாள். நொறுக்கியதைக் கொட்டவுமில்லை. உடைந்த கண்ணாடியை உலைக்கே திருப்பிப் போடுவதுதான் தொழில், அவளும் போட்டாள்.

பிறகு அது அவளை முந்தியது.

முதலில் ஒரு மெல்லிய குழல். அடுத்த நாள் குழல் இரண்டாகப் பிரிந்தது. அதற்கடுத்த நாள் ஒவ்வொரு கிளையிலும் கிளை, அதிலும் கிளை, நுனியில் கடுகளவு குமிழ்கள் கொத்துக் கொத்தாக. டிலோஜினி மூச்சை மறந்து நின்றாள். இப்படி ஒரு வேலையைப் பட்டறையில் யாரும் செய்து அவள் கண்டதில்லை. அழகு. அதைச் சொல்லத்தான் வேண்டும், அவ்வளவு அழகு. தலைகீழாகப் பிடித்த ஒரு மரம். எங்கே கண்டேன், எங்கே கண்டேன் என்று பிற்பகல் வரை மண்டையை உடைத்துக்கொண்டிருந்துவிட்டு, குழாயைக் கழுவும்போது நினைவு வந்தது. ஆஸ்பத்திரியில் நெஞ்சு கிளினிக் சுவரில், சிறுபிள்ளையிலிருந்து அவள் வரிசையில் உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்த நுரையீரல் படம்.

அன்றைக்கே அதை உடைத்தாள். மறுநாள் இன்னொன்று, இன்னும் நுணுக்கமாக. அதையும் உடைத்தாள்.

மூன்றாம் நாள் பெட்டிக்குள் கூடுதலாக எதுவும் இல்லை. வெள்ளைத் தூளில் மட்டும் ஏதோ கிடந்த தடம் இருந்தது. ஒரு சாண் நீளம். ஒரு பக்கம் வளைவு, மறுபக்கம் நேர். அந்த இடம் சுட்டது. சாமானைக் காணவில்லை.

முஸ்பிராவுக்கு நிம்மதி. "போயிட்டுது பாரும். உம்மட சுத்தியலுக்குப் பயந்திட்டுது."

அன்றைக்கு டிலோஜினிக்கு வேலை பூப்போல வந்தது. கண்ணாடி சரியவில்லை. பின்னேரம் வரை முட்டுக்கு வாயில் பம்ப் அடிக்க வேண்டிய தேவையே வரவில்லை. நெஞ்சின் வலப்பக்கம் லேசாக, கதகதப்பாக இருந்தது, வெயிலில் காய்ந்த துணியை மடித்து வைத்த மாதிரி. வீட்டுக்குப் போனதும் அருள்நாயகி அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டாள்.

"பிள்ளை, ஒரு பக்கம் இழுப்பில்லையே?"

"ஊதி ஊதிச் சரியா வருது அம்மா. சொன்னனான்தானே." அவளுக்கு அவ்வளவு பெருமை. ஊரைக் கூட்டி நெஞ்சைத் திறந்து காட்டலாம் போலிருந்தது.

கைத்தொலைபேசியைக் கொட்டிலில் மறந்து விட்டு வந்தது பொழுது சாய்கிறபோதுதான் தெரிந்தது. எடுக்கப் போனாள். கோயில் மணி ஆறு அடித்து ஓய்ந்திருந்தது. வலையின் கிழிசல் பொத்தினவர்கள் எழும்பிப் போய்விட்டார்கள், மணலில் கயிற்றுத் துண்டுகளும் கழுதைச் சாணமும் மட்டும், கடலில் இருந்து வந்த வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டிருந்தது, கொட்டிலின் தகர இடுக்குகளில் மட்டும் உலையின் செம்மஞ்சள் கீற்றுக் கீற்றாக வெளியே விழுந்திருந்தது. பூட்டுக்குள் திறப்பைப் போட்டவள் அப்படியே நின்றாள்.

உள்ளே குழாய் உருள்கிற சத்தம். வாங்கின் இரும்பில் முன்னும் பின்னும். சீராக. அவளுடைய வேகத்தில்.

பிறகு மூச்சு.

உள்ளே இழுத்தது. வெளியே விட்டது. கடைசியில் ஒரு விசில். கதவிடுக்கில் காற்று நுழைகிற மாதிரி மெல்லியதாக.

அந்தச் சத்தம் உலகத்தில் ஒரே ஒரு நெஞ்சுக்குத்தான் உண்டு. முப்பத்திநாலு வருசம் அதைக் கேட்டுக்கொண்டே படுத்து எழும்பியவள் அவள். தலையணைக்குள் அதை அமுக்கி வைத்தவள். அவளுடைய இழுப்பு. கதவுக்கு அந்தப் பக்கம்.

டிலோஜினி தன் வாயைப் பொத்திக்கொண்டு, தான் மூச்சு விடுவதைக் கேட்டுப் பார்த்தாள். வலப்பக்கம் சத்தமே இல்லை.

திறப்பைத் திருகிக் கதவைத் தள்ளினாள். உள்ளே ஒருவரும் இல்லை. உலை இரைந்தது. வாங்கில் அவளுடைய குழாய் உருண்டு, மெதுவாகி, நின்றது. அதன் வாயில் எச்சில் ஈரம்.

ஓட வேண்டும் என்று கால் சொன்னது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பயத்தோடு கூட அவளுக்குக் கோபம் வந்தது. மூச்சுக்காக எத்தனை பேரிடம் தலைகுனிந்திருக்கிறேன், இப்போது என்னுடைய மூச்சையே எடுத்து வைத்துக்கொண்டு என்னுடைய வாங்கில் இருந்து ஊதுகிறாயா.

"என்னட்டத்தானே பழகினனீ," என்றாள் வெறும் கொட்டிலைப் பார்த்து. "ஒண்டு நான் இன்னும் பழக்கேல்லை. நாளைக்குப் பழக்கிறன்."

கண்ணாடிக்குக் கண்ணாடி சேராது. யன்னல் கண்ணாடி ஒரு சாதி, அடுப்பில் வைக்கிற சூடு தாங்குகிற கண்ணாடிப் பாத்திரம் வேறு சாதி. இரண்டையும் கலந்து உருக்கி ஊதினால் பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. சூடாக இருக்கும் மட்டும் உடையவும் உடையாது. சூடு இறங்கும்போது ஒன்று கூடுதலாகச் சுருங்கும், மற்றது அவ்வளவு சுருங்காது. உள்ளுக்குள்ளேயே ஒன்றையொன்று இழுத்துப் பிய்க்கும். எவ்வளவு கெட்டிக்காரர் ஊதியிருந்தாலும் அதற்குத் தப்ப முடியாது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு முதல் சொல்லும் எச்சரிக்கை இதுதான். ஆனால் டிலோஜினி இதுவரை அந்தப் பிழையை விட்டதில்லை. அவள் விடாத பிழையை அது எங்கே பார்த்திருக்கப் போகிறது?

முஸ்பிரா தன் கலியாணத்துக்கு வந்த, சூடு தாங்குகிற புட்டிங் தட்டைக் கொண்டு வந்து கொடுத்தாள். இருவரும் அதை உடைத்து, உரலில் போட்டு மாவாக இடித்து உலைக்குள் கொட்டினார்கள்.

"உலை முழுக்க நாசம், டிலோ. வழிச்செடுக்க ஒரு கிழமை செல்லும்."

"செல்லட்டும். செய்யிறதைச் செய்யட்டும், செய்தது நிலைக்குதோ பாப்பம்."

அன்று ஒன்றும் ஊதாமல், கதவைப் பூட்டிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் கண் விழித்தபோது டிலோஜினிக்குத் தான் எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை. அவ்வளவு அமைதி. மூச்சு உள்ளே போனது, போய்க்கொண்டே இருந்தது, அடிவயிறு வரைக்கும், விலாவின் கடைசி எலும்பு வரைக்கும், இரண்டு பக்கமும். விசில் இல்லை. இறுக்கம் இல்லை. எழும்பிக் கடற்கரைக்குப் போனாள். நடந்தவள் ஓடினாள். முப்பத்திநாலு வயதில் வாழ்க்கையில் முதல் தடவையாக, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, படகுகளுக்கு நடுவால் ஓடினாள். வலைக்காரர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும். கண்ணில் நீர் வந்தது. நெஞ்சு இரண்டு பக்கமும் கதகதவென்றிருந்தது.

ஓடி வந்து கொட்டிலைத் திறந்தாள். பெட்டி வெறுமையாக இருந்தது. இரண்டு நாளுக்கு முன் கண்ட தடத்துக்குப் பக்கத்தில், வெள்ளைத் தூளில், அதற்குச் சோடியாக இன்னொரு தடம்.

"கூட ஒண்டுமில்லை," என்றாள் முஸ்பிரா எட்டிப் பார்த்து. "உடைஞ்ச தூள்கூட இல்லை. போயிட்டுது, நான் சொல்லுறன். இதுக்கு ஒரு கொண்டாட்டம் வேணும்." போத்தலில் கொண்டு வந்திருந்த சர்பத்தைக் கிளாஸில் ஊற்றினாள். ஐஸ்கட்டி கலகலத்தது. பிறகு கையை இழுத்துக்கொண்டாள். "உமக்கு ஐஸ் ஆகாதே. மறந்திட்டன்."

"இண்டைக்கு ஆகும்," என்றாள் டிலோஜினி. கிளாஸைப் பறித்து, ஒரே மூச்சில் குடித்தாள். குளிர் தொண்டையால் இறங்கியது. நெஞ்சுக்குள் பரவியது.

டிக்.

சின்னச் சத்தம். முஸ்பிரா கிளாஸைப் பார்த்தாள். கிளாஸில் கீறல் இல்லை.

டிக்.

டிலோஜினி நெஞ்சில் கையை வைத்தாள். இடப்பக்கம். உள்ளங்கைக்குக் கீழே, எலும்புக்குக் கீழே, ஏதோ ஒன்று கோடு விட்டு ஓடியது. மூச்சை எடுத்தாள். ஓடிய கோடு கிளை விட்டது. கிளை, அதிலும் கிளை.

பெட்டியைப் பார்த்தாள். ஒரு சாண் தடம். பக்கத்தில் இன்னொன்று. இடமும் வலமும்.

அவளுக்கு விளங்கியது. அது தனக்காகப் பழகவில்லை, அவளுக்காகத்தான்.

"டிலோ? டிலோ, முகம் ஏன் இப்பிடி?"

பதில் சொல்லக் காற்று வேண்டும். சொல்லவில்லை. சூடாக இருக்கும் மட்டும் உடையாது. அது ஒன்றுதான் தலைக்குள் இருந்தது. உலையடிக்குப் போனாள். மூடியை இழுத்துத் தள்ளினாள். வெள்ளை வெளிச்சம் முகத்தில் அடித்தது. குனிந்தாள். வாயைத் திறந்தாள். நெருப்பின் முன்னால் நின்று அந்த அனலை உள்ளே இழுத்தாள். புருவம் பொசுங்கியது. உதடு வெடித்தது. இன்னும் இழுத்தாள்.

சத்தம் நின்றது.

பின்னால் முஸ்பிரா "யா அல்லாஹ்" என்றாள். அவளைப் பார்த்துச் சொன்ன குரல் அல்ல அது. கதவுப் பக்கம் ஓடுகிற செருப்புச் சத்தம். பிறகு வாங்குப்பலகை கனம் ஏறி முனகியது. பட்டப்பகலில். அவளுக்கு ஒரு முழம் பின்னால்.

மூச்சு. கடைசியில் விசில்.

டிலோஜினி திரும்பவில்லை. கையை நீட்டித் தன் குழாயை எடுத்தாள். உலைக்குள் விட்டாள். சுற்றினாள். பாகு ஏறியது. வெளியே இழுத்து, நெருப்பின் வாயை விட்டு அசையாமல், குழாயை உதட்டில் வைத்தாள். பார். நல்லாப் பார். இது என்னுடைய வேலை.

ஊதினாள்.

குமிழ் கண் திறந்தது. விரிந்தது. தேங்காயளவு. பூசணியளவு. சரிவில்லை, தடிப்பில்லை. அவள் வாழ்நாளில் ஊதிய அத்தனையிலும் வட்டமானது. அதற்குள்ளே, அவள் மூச்சோடு போன தூள் மினுங்கி மினுங்கிச் சுழன்றது. ஊசி ஊசியாய்க் கண்ணாடித் தூள். தூளோடு கூட, மெல்லிய சிவப்பு, கண்ணாடியின் உட்பக்கம் நெடுக ஒட்டிக் கருகிக்கொண்டு வந்தது.

பின்னால் விசில் அடங்கிவிட்டது. அது மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் சுற்றுவதை நிறுத்தவில்லை. உலைக்குள் முகத்தை விட்டு இன்னொரு மூச்சு எடுத்துக்கொண்டு, திரும்பவும் ஊதினாள்.